கியர் சைக்கிள் கழுவும் முறை

மகன் இறந்த செய்தி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் அஸ்கர் அலி பாய் மகனுடைய சைக்கிளைக் கழுவ உட்கார்ந்துவிட்டார்.

அதையும் நாலு பேர் பார்க்கச் செய்யவில்லை. வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில், கொடிக்கயிற்றில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு மறைத்துக்கொண்டார். மறைத்தால்தான் தெரு எட்டிப் பார்க்கும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

"விக்கப்போறாரு. துபாய்க்காரன் ஊட்டு சைக்கிளு, கேக்கணுமா?" என்று எதிர்வீட்டு ஜானகியம்மாள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஃபயாஸ் போனது துபாய்க்கு அல்ல, தம்மாமுக்கு. அது சவுதியில் இருக்கிறது. ஆனால் பொன்னேரியில் கடல் தாண்டிப் போன எல்லாருமே துபாய்க்காரர்கள்தான். அங்கே கம்பெனி வேன் கவிழ்ந்தது என்று போன் வந்தது. அதற்கு மேல் யாரும் பாயிடம் விவரம் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டுத் தணிகாசலத்துக்கு விற்பதைப் பற்றிக் கவலையில்லை. கழுவுவதைப் பற்றித்தான் கவலை.

அவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்புக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தார். எதையும் முறைப்படி செய்யச் சொல்லி உயிரை வாங்குவதால் அங்கே அவருக்கு ஐ.எஸ்.ஓ. என்று பெயர். அவரிடமும் அதே மாதிரி ஒரு கியர் சைக்கிள் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் ஃபயாஸும் ஆரணி ஆற்றங்கரைச் சேற்றில் ஓட்டிவிட்டு வந்து சேர்ந்து கழுவுவார்கள். வண்டியில் மவுண்டன் பைக் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். பொன்னேரியில் மலை கிடையாது. ஏற வேண்டுமென்றால் ரயில் தண்டவாள மேடுதான்.

வெளிநாடு கிளம்பும்போது ஃபயாஸ் அவரிடம் சொன்னது ஒன்றுதான். "வாப்பாவுக்கு இத பத்தி ஒண்ணும் தெரியாதுண்ணே. துரு புடிக்காம நீங்கதான் பாத்துக்கணும்."

செய்தி வந்த அன்று தணிகாசலம் துக்கம் விசாரிக்கப் போனார். ஆறுதல் சொல்வதற்கு ஒரு முறை இருப்பதாகத் தெரியாததால், வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். சைக்கிள் கழுவ முறை இருக்கிறது. எனவே ஒரு கையில் டீசல் டப்பாவும் இன்னொரு கையில் பழைய டூத் பிரஷுமாகப் போர்வையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே எல்லாமே முறை தவறி நடந்துகொண்டிருந்தது.

கியர் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்த வேண்டும். பாய் அதை ஒரு நீளப் பலகையில் படுக்க வைத்திருந்தார். முதலில் காய்ந்த சேற்றை உதிர்த்து, செயினை டீசலால் நனைத்து, பல்சக்கர இடுக்குகளைப் பிரஷால் தேய்த்து எடுத்துவிட்டு, கடைசியில்தான் ஷாம்பு தண்ணீரால் மற்ற பாகங்களைத் துடைக்க வேண்டும். பாய் ஹேண்டில்பாரில் ஆரம்பித்திருந்தார். பிரஷ் இல்லை. கையில் ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு அழுத்தாமல் துடைத்துக்கொண்டிருந்தார். சீட்டிலிருந்து பெடல் வரை ஒரு லுங்கியைப் போர்த்தியிருந்தார். அதற்கடியில் கையை விட்டுக் கழுவினார்.

தணிகாசலம் பக்கெட்டில் விரலை விட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது. மேலே ஏதோ இலை மிதந்தது.

"இன்னா பாய் இது?"

"எலந்த எல."

வெந்நீர் பட்டால் பேரிங்கில் உள்ள கிரீஸ் இளகிவிடும், இலைச்சாறு பெயின்டில் கறையாகும் என்று தணிகாசலம் விளக்கினார். பாய் மறுக்கவில்லை. தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டே வலது பக்கம் முழுக்கத் தண்ணீரை ஊற்றினார்.

வீட்டுக்குள்ளிருந்து பாயின் மனைவி நசீரா இன்னொரு பாத்திரத்தில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். சைக்கிள் பக்கம் திரும்பாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

தணிகாசலத்துக்குப் பொறுக்கவில்லை. உட்கார்ந்து, செயினைப் பிடித்து இழுத்துப் பிரஷைப் போட்டார். பாய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மெள்ள, நைனா. நோவுற மாதிரி தேய்க்கக் கூடாது."

"சைக்கிளுக்கு இன்னா பாய் நோவு? நீங்க விப்பீங்களோ வெச்சிக்கினு இருப்பீங்களோ, எனக்குத் தெரியாது. துரு புடிக்காம பாத்துக்கன்னு எங்கிட்ட சொல்லிட்டுப் போனான். இந்த மாதிரி கழுவினா வீணாப் போயிடும்." சொல்லிவிட்டு பிரஷைக் கீழே போட்டார்.

பாய் அவரை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. "எடது பக்கம் திருப்பணும். ஒரு ஆளால முடியல. கொஞ்சம் புடி" என்றார்.

இருவருமாகத் தூக்கித் திருப்பினார்கள். அந்தப் பக்கத்தையும் பாய் அதே மாதிரி கழுவினார். பிறகு புதிதாக ஒரு செம்பில் தண்ணீர் எடுத்து, அதில் கற்பூரத்தை நுணுக்கிப் போட்டார்.

தணிகாசலம் படித்த எந்தக் கையேட்டிலும் கற்பூரம் கிடையாது.

"இது யாரு சொல்லிக்குடுத்த முறை பாய்?"

பாய் கற்பூரத் தண்ணீரை ஹேண்டில்பாரிலிருந்து பின்சக்கரம் வரை ஒரே சீராக ஊற்றி முடித்தார்.

"பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட சொல்லிடாத, ஏசுவாரு" என்றார். "இந்த ஊர்ல யாரு மவுத்தானாலும், குளிப்பாட்ட என்னத்தான் கூப்புடுவாங்க. எம்புள்ளைய அங்கயே யாரோ குளிப்பாட்டி, அங்கயே அடக்கிட்டாங்க. இந்தக் கைக்கு வேற மாதிரி கழுவத் தெரியல, நைனா."