பக்கெட்டின் பசி

ஊரடங்கில் குப்பை வண்டி வரவில்லை. அதனால் சுலோச்சனா காய்கறித் தோலையெல்லாம் விரிசல் விட்ட பழைய பானையில் போட்டு, மண் தூவி மூடி வைத்தாள். கடைக்குத் துணிப்பை போனதால் கவரும் வீட்டுக்கு வரவில்லை. குப்பை பக்கெட் பட்டினி கிடந்தது.

"பானையண்ணே, எல்லாம் உங்க வாய்க்கே போகுது. வேலையில்லாத என்னைத் தூக்கிப் போட்டுடுவாங்களோ?"

"போடா, நீ போயிட்டா நான் யார்கிட்ட பேசுறது?" என்றது பானை.

தோல் மக்கி உரமானதும், ஒருநாள் காலை சுலோச்சனா கம்பியைக் காய்ச்சி எடுத்து வந்து பக்கெட்டின் அடியில் ஓட்டை போட்டாள்.

"ஐயோ, செத்தேன்!" என்று பக்கெட் அலறியது.

அவளோ பானையின் உரத்தை மண்ணோடு கலந்து பக்கெட்டில் நிரப்பி, ஒரு கத்தரி நாற்றை நட்டுத் தண்ணீர் தெளித்தாள்.

சாயங்காலம் பானை கேட்டது: "என்னடா, இப்பவும் பசிக்குதா?"

"மெதுவாப் பேசுங்கண்ணே, பிள்ளை தூங்குது" என்றது பக்கெட்.