மாமரம் கட்டிய சீலை

மரங்கொத்தி இன்னொரு பொந்து போட்டால் மாமரத்தை அறுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தான் கருப்பணன். மரத்தைக் காப்பாற்ற அவன் மனைவி பூவாத்தாள் தன் சிவப்புச் சீலையை அடிமரத்தில் இறுக்கிச் சுற்றினாள். விடிந்ததும் சீலைக்கு மேலே புதுப் பொந்து இருந்தது. கருப்பணன் ரம்பத்தோடு வந்தான். அதற்குள் வேலியோரம் போன பெண்கள் சீலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள்.

“ஏனக்கா, அம்மன் வந்ததைச் சொல்லவே இல்லையே!” என்றாள் ஒருத்தி.

பூவாத்தாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

“அட, அது எம்பொண்டாட்டி சீலை!” என்றான் கருப்பணன்.

மேலே டொக் டொக்கென்று சத்தம் கேட்டது.

“உத்தரவு குடுத்துட்டா தாயி!” பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கருப்பணன் ரம்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். மெல்லச் செருப்பைக் கழற்றினான்.

பூவாத்தாள் அண்ணாந்து மரங்கொத்தியின் சிவப்புக் கொண்டையைப் பார்த்தாள். “கொத்து சாமி, நல்லாக் கொத்து” என்று முணுமுணுத்தாள்.