பச்சை ரத்தம்

வீடியோ கேமில் ஆற்றங்கரை மக்களைச் சுடும் சொந்த நாட்டுச் சிப்பாய்களை ரோபோக்களாக்க வேண்டும், ரத்தத்தைப் பச்சையாக்க வேண்டும் என்று தணிக்கைக் குழுவில் இருந்த தமயந்திதான் நிபந்தனை போட்டாள். அந்த கேமை உருவாக்கிய இளம்பரிதி அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றான்.

“அந்த ஆத்தங்கரையில எங்கண்ணனச் சுட்டது மிஷின் இல்லீங்க மேடம்.”

தமயந்தி நிபந்தனையை நீக்கிக் கையெழுத்துப் போட்டாள்.

மாலையில் அதை அப்பாவிடம் பயந்துகொண்டேதான் சொன்னாள். ஆற்றங்கரையில் சுட்ட படையில் இருந்தவர் அவர். அந்த ஆற்றைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை.

“சிப்பாய்ங்களுக்கு மனுச மொகமாவே வருதா?”

“ஆமாப்பா.”

அப்பா கண்களை மூடி நீளமாக மூச்சு விட்டார். பக்கத்து நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

“உக்காரும்மா. அன்னிக்கு நான் எங்க நின்னேன்னு சொல்றேன்.”

அவளுக்குப் பயம் விட்டுப்போயிருந்தது. உட்கார்ந்தாள்.