மூன்று மணிக்கு ஒரு மலர்வளையம்

அதிபருக்கு அவசரநிலை அதிகாரம் தரும் தீர்மானத்தை எதிர்த்து ஓட்டுப் போடப்போவதாக ஆளுங்கட்சி எம்.பி. ப்யோன் டே-சிக் அறிவித்ததிலிருந்து, அவர் ஆபீசுக்குச் சொந்தக் கட்சிக்காரர்களே சாவு வீட்டு மலர்வளையமாக அனுப்பித் தள்ளினார்கள். சியோல் நாடாளுமன்றத்துக்கு எதிரே பூக்கடை வைத்திருக்கும் ஓக்-பூனுக்குக் கை ஒழியவில்லை.

மாஸ்க் போட்ட ஒருவர் உள்ளே வந்தார். "ஒரு வளையம் வேணும்மா. ரிப்பன்ல துரோகின்னு எழுதணும்."

"இது பதினெட்டாவது சார். அங்க வாசல்ல இடமில்லாம மாடிப்படியில வைக்கிறாங்களாம். புதுசா ஏதாவது திட்டுங்களேன், இதையே எழுதி எனக்குச் சலிச்சுப்போச்சு."

"அதுவே இருக்கட்டும். நாளைக்கு மூணு மணிக்குப் போய்ச் சேரணும்."

"இன்னிக்கே அனுப்பலாமே?"

"ஓட்டெடுப்பு நாளைக்கு ரெண்டு மணிக்குத்தான்."

ஓக்-பூன் தூரிகையை மையில் தோய்த்தாள். "முன்னாடியே சொல்லிடறேன். பேர் எழுதிட்டா ஆர்டரை ரத்து பண்ண முடியாது. நேத்து ஒருத்தர் மனசு மாறி வந்து நின்னார். முடியாதுன்னுட்டேன்."

"தெரியும்மா."

"எம்.பி. ப்யோன் டே-சிக்குக்குத்தானே?"

"இல்ல. எம்.பி. யோம் கி-ஹ்வானுக்கு."

தூரிகை நின்றது. "அவர் அதிபரோட வலதுகையாச்சே. அவர் என்ன துரோகம் பண்ணினார்?"

"இன்னும் பண்ணலை."

அவர் மாஸ்க்கை இறக்கினார். டிவியில் தினமும் அதிபருக்காக வரிந்துகட்டிப் பேசும் யோம் கி-ஹ்வானின் முகம்.

"பேரை எழுதிடுங்கம்மா. அப்புறம் ரத்து பண்ண முடியாதுன்னு சொன்னீங்கள்ல, அதுக்குத்தான் வந்தேன்."