டாம்சின் பாத்தி

"அந்தப் பையை இப்படிக் கொடுங்க, மிஸ்டர் ட்ரூ."

மரத்தடியில் மண்டியிட்டிருந்த லயனல் ட்ரூ திடுக்கிட்டுத் திரும்பினார். கையில் மண் தோண்டும் சிறு கரண்டி, முழங்காலில் ஈரமண். எதிரே நின்றவள், வாசலில் நுழைவுச்சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த ஹெஸ்டர்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மட்டும் திருமதி ஹானர் பெல்லமி தம் ஸ்னோடிராப் என்னும் குளிர்கால வெண்பூக்களின் தோட்டத்தை ஊராருக்குத் திறந்துவிடுவார். அரிய ரகங்களின் கிழங்கைத் தோண்டிப்போகும் திருடர்களுக்கு அஞ்சி, முந்தின நாளே செடிகளின் பெயர்ச்சீட்டுகளைப் பிடுங்கிவிடுவது வழக்கம்.

"பெயர்ச்சீட்டு இல்லைன்னாலும் சரியா டாம்சின் பூவுக்கே வந்துட்டீங்க," என்றாள் ஹெஸ்டர், பையைப் பறித்தபடி.

டாம்சின், பெல்லமி தம்பதியின் ஒரே மகள். சிறு வயதிலேயே மறைந்துவிட்டாள். அவ்வாண்டு தந்தை எட்வின் வளர்த்தெடுத்த புதுப்பூவுக்கு அவள் பெயரையே சூட்டினார். இப்போது அவரும் இல்லை.

"எவ்வளவு வேணும்னாலும் திட்டு, ஹெஸ்டர். மெதுவா திட்டு. ஹானருக்குக் கேக்க வேண்டாம்."

"செய்யறதையும் செஞ்சுட்டு வெக்கம் வேறயா? செவ்வாய்க்கிழமை வேலிக்கு மேல கொக்கு மாதிரி எட்டிப் பார்த்தீங்களே, அப்பவே நெனச்சேன்."

தேநீர்க் கோப்பைகளோடு கூட்டம் திரும்பிப் பார்த்தது. அதை விலக்கிக்கொண்டு, கைத்தடியை ஊன்றி ஹானர் வந்தார். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தவர், கிறிஸ்துமஸுக்குப் பின் இன்றுதான் தோட்டத்தில் இறங்கியிருந்தார்.

முதலில் பாத்தியைத்தான் பார்த்தார். கிளறிய மண்ணின் நடுவே வெண்பூக்கள் தலைகவிழ்ந்து நின்றன.

"நான் வந்து பிடிச்சேன், மேடம். இல்லேன்னா மொத்தமும் போயிருக்கும்."

"லயனல், எட்வின் உங்களுக்கும் இதுல ஒரு கிழங்கு கொடுத்தாரே. ஒரு வீட்டுல பட்டுப்போனாலும் இன்னொரு வீட்டுல இருக்கட்டும்னுதானே நாம பகிர்ந்துக்கறோம். அது என்ன ஆச்சு?"

லயனல் கரண்டியிலிருந்த மண்ணை விரலால் துடைத்தார்.

"அழுகிப்போச்சு, ஹானர். இந்த வருஷ மழையில."

"கேட்டிருந்தா கொடுத்திருக்க மாட்டேனா?"

"கேக்க வாய் வரல."

"டாம்சினைத் தோள்ல தூக்கிக்கிட்டுத் திரிஞ்சவர் நீங்க. அவகிட்டயா திருட வந்தீங்க?" அவர் குரல் உயரவில்லை. "இனி இந்த வாசலுக்கு வராதீங்க."

லயனல் தொப்பியை எடுத்துக்கொண்டார். முணுமுணுத்த கூட்டத்தின் நடுவே, யார் முகத்தையும் பாராமல் நடந்து வெளியேறினார்.

ஹானர் தடியைப் பற்றியபடி மெல்லக் குனிந்து, ஒரு பூவை விரல் நுனியால் நிமிர்த்தினார்.

"இந்த வருஷமும் வந்துட்டா," என்றார். "படுக்கையில கிடந்தப்ப எனக்கு இந்த ஒரு பயந்தான்."

பிறகு நிமிர்ந்தார். "பையில என்ன வெச்சிருக்காரு, ஹெஸ்டர்?"

ஹெஸ்டர் பையைத் திறந்தாள். பார்த்தாள். லயனல் வெளியேறிய வாசலை ஏறிட்டாள். பிறகு அதை மூடித் தன் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல, மேடம். காலிப் பை."

பைக்குள், லயனல் தம் வீட்டிலிருந்து பூவோடு கொண்டுவந்த தொட்டி காலியாக இருந்தது. அதனருகே, செய்தித்தாளில் சுற்றியபடி, பாத்தியிலிருந்து அவர் தோண்டியெடுத்த, சாம்பல் பூஞ்சணம் பூத்து அழுகிய கிழங்குகள்.