இரண்டு சீசா

பிணவறையில் இருந்தவர்கள்: டாக்டர், ஏட்டு, பிணம் அறுக்கும் அவன். மேசைமேல் வடிவு, வயது இருபத்து நான்கு. வாசலில் அவளுடைய அம்மா.

புருஷன் வீட்டார் வெளியே நின்றார்கள். நெஞ்சுவலி என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். சாயங்காலமே எரித்துவிட வேண்டுமாம்.

அறுத்தது அவன். டாக்டர் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், போய்விட்டார்.

உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடல். டாக்டர் ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷில் ஒரு பெயர் சொல்வார். அவனுக்கு எல்லாம் ஒரே குழாய். வாயில் தொடங்குவது. விழுங்கியதை மறைக்கத் தெரியாதது.

இரைப்பை ஒரு சீசாவில். ஈரல் துண்டு இன்னொன்றில். பரிசோதனைக்கு அனுப்பும் படிவத்தில் சீசாவுக்குப் பெயர் கலன்.

ஏட்டு அரக்கை உருக்கி மூடிமேல் சொட்டினார்.

"என்னடே, ஊறுகா ஜாடி ரெண்டும் ரெடி. நான் கெளம்பட்டா?"

அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இந்தச் சீசாவுல தெரிஞ்சிருமாய்யா? வெசத்தக் குடுத்துதான் கொன்னிருக்காவ."

"தெரியும்மா."

கை கழுவப் போனான்.

சீசாக்களில் ஊற்ற வேண்டிய உப்புக் கரைசல் கேன் மூடி திறக்காமல் இருந்தது. பக்கத்தில் பார்மலின் கேன். அதுதான் குறைந்திருந்தது.

இரண்டு கேனும் வெள்ளை. இந்த அறையில் எந்த நெடியும் தனியாகத் தெரியாது.

பார்மலினில் சதை கெடாது. விஷம்தான் பரிசோதனையில் அகப்படாமல் போகும்.

போன வருடமும் ஒருத்தி. அன்று மாற்றி ஊற்றியவர் அவனுக்கு மேலே இருந்தவர். இவன் பார்த்தான். சொல்லவில்லை. விஷம் இல்லை என்று அறிக்கை வந்தது.

அவள் முகம் மறந்துவிட்டது. கால் மெட்டி மறக்கவில்லை.

சோறு பிசையும்போது சில நாள் விரலில் அந்த நெடி வரும்.

வடிவு இன்னும் மேசைமேல்தான் இருந்தாள். மீதி ஈரல் உள்ளேயே இருந்தது; இன்னொரு துண்டு எடுக்கலாம்.

"ஏட்டையா, டாக்டரக் கூப்புடுங்க. உப்புத்தண்ணிக்குப் பதிலா பார்மலின ஊத்திட்டேன்."

ஏட்டு அரக்கைப் பார்த்தார். இன்னும் காயவில்லை.

"சீல் வச்சாச்சு. ஒனக்கு வேல வேண்டாமாடே? வாயப் பொத்திக்கிட்டுப் பொணத்தக் குடு."

அவர் சீசாக்களை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

வராந்தாவில் ஸ்ட்ரெச்சர் சக்கரம் உருண்டு வந்தது. புருஷனின் அண்ணன் குரல். "சீக்கிரம், சீக்கிரம்."

அம்மா வழியில் நின்றாள். விலகவில்லை.

அவன் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான். அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்தி உள்பக்கமாகப் பூட்டினான்.