பூட்டோடு வந்த பெட்டிகள்

“உங்கடை வாயாலை ஒரே ஒரு சொல்லு, ஐயா. அது வந்தால் என்ரை குடும்பம் தப்பியிடும்.”

சுபாஸ் கதிரையின் நுனியில் இருந்தான். முன்னால் தட்டத்தில் ஒரு சீப்புக் கதலி வாழைப்பழம், பக்கத்தில் வெற்றிலை. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த அயல்வீட்டு நல்லம்மா, பரமலிங்கத்தார் வீட்டுக்குப் பெண் கேட்டு ஆள் வந்துவிட்டது என்று முடிவுகட்டி, செய்தி ஆறுமுன்னரே அடுத்த ஒழுங்கைக்கு விரைந்துவிட்டாள்.

அவன் கேட்டு வந்தது பெண்ணை அல்ல, பாஸ்வேர்ட்டை.

கோப்பாயில் ஓய்வெடுக்கும் பரமலிங்கத்தார் பட்டணத்தில் ஓர் அலுவலகத்தின் கணினிகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். அங்கே மேசைக்கு மேசை இருந்தவை தின் கிளையன்ட் என்கிற, புத்தகம் அளவான பெட்டிகள். சொந்த ஹார்ட் டிஸ்க் கிடையாது. உள் அறையில் இருந்த ஒரு பெரிய கணினி போட்ட சோற்றில் சீவித்தவை. பெரியது கண்ணை மூடியதும் அலுவலகம் சின்னவற்றை ஏலத்தில் தள்ளியது. சுபாஸ் அத்தனையையும் அள்ளிக்கொண்டு வந்தான்.

கணக்கில் பிழையில்லை. பென்ட்ரைவில் லினக்ஸைப் போட்டுச் செருகினால் இந்தப் பெட்டி தானே தனிக் கணினியாக எழும்பிவிடும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பிள்ளைகளுக்குத் தனிவகுப்பு நடத்தும் ரியூட்டரி ஒன்று, வருகிற திங்கட்கிழமை கணினி வகுப்புத் தொடங்கவென்று அவற்றைக் கேட்டும் இருந்தது. ஆனால், ‘முதலில் பென்ட்ரைவைப் பார்’ என்று சொல்லிவைக்கப் பெட்டியின் செட்டிங்ஸுக்குள் போனால், ஒவ்வொரு பெட்டியும் பாஸ்வேர்ட் கேட்டது. சுபாஸ் சந்தைக்காரப் பரம்பரை. ஏலத்தில் பெட்டியைத் தட்டிப் பார்த்தான், தூக்கிப் பார்த்தான், பலாப்பழம்போல் முகர்ந்துகூடப் பார்த்தான். கரண்ட் கொடுத்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

“பற்றரியைக் கழட்டிப் பாத்தீரோ?” என்றார் பரமலிங்கத்தார்.

“கழட்டி வெயிலிலையும் காயவிட்டன் ஐயா. பெட்டி பாஸ்வேர்ட்டை மறக்குதில்லை. நீங்கள் போட்ட பூட்டெல்லோ!”

பரமலிங்கத்தாரின் முகம் மலர்ந்தது.

“உது காரியாலய ரகசியம் தம்பி. கழுத்தை வெட்டினாலும் சொல்லமாட்டன்.”

“காரியாலயம் பெட்டியையே வித்துப்போட்டுது. தோட்டத்தை வித்தவன் கிணத்துக்குப் பூட்டுப் போடலாமோ?”

“கொள்கை எண்டு ஒண்டு இருக்கெல்லோ.”

கொள்கை என்று ஒன்று இருந்தால் அதற்குப் பேரம் என்று ஒன்றும் இருக்கும் என்பது சுபாஸின் அனுபவம்.

“சரி, முழுக்க வேண்டாம். முதலெழுத்தை மட்டும் தாங்கோ.”

“தரமாட்டன்.”

“கடைசி எழுத்து?”

“ஏலாது.”

“எத்தினை எழுத்து எண்டாவது...”

“உதென்ன கீரைக்கட்டே, பிரிச்சு விக்க?”

“அப்ப நான் சொல்லுறன், நீங்கள் தலையை மட்டும் ஆட்டுங்கோ. உங்கடை பேர் அடிச்சன், இல்லை. குணலட்சுமி எண்டு அம்மாவின்ரை பேர் அடிச்சன், அதுமில்லை. மகள் கஜானியின்ரை பேரும் சரிவரேல்லை. ஊரிலை உள்ள சாமியெல்லாம் அடிச்சுப் பாத்திட்டன்.”

“ஆர் ஐசே உம்மை என்ரை மனிசியின்ரை பேரை அடிக்கச் சொன்னது?” பரமலிங்கத்தார் பாய்ந்தார்.

“எல்லாரும் மனிசியின்ரை பேரைத்தானே ஐயா போடுறவை?”

குசினியில் தேங்காய் துருவும் சத்தம் ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தது. பரமலிங்கத்தாரின் குரல் இறங்கியது.

“உண்மையைச் சொன்னால், தம்பி, எனக்கு அது மறந்துபோச்சு.”

“இப்பதானே கழுத்தை வெட்டினாலும் சொல்லமாட்டன் எண்டு சொன்னனீங்கள்?”

“மறந்ததை எப்பிடிச் சொல்லுறது? அதுதான் சொல்லமாட்டன் எண்டனான்.”

சுபாஸ் எழும்பினான். இந்த முறை அவன் குரலில் வியாபாரம் இல்லை.

“மனிசியின்ரை தாலிக்கொடியை அடைவு வைச்சு எடுத்த சாமான் ஐயா. ஒரு வார்த்தை பேசாமல் கழட்டித் தந்தவள், இப்ப மஞ்சள் கயித்தோடை நிக்கிறாள். திங்கட்கிழமை பெட்டி எழும்பாட்டி ரியூட்டரிக்காரர் வேறை இடத்திலை வாங்கிப்போடுவினம். பிறகு கொடி போனதுதான்.”

பரமலிங்கத்தார் வாயைத் திறந்தார். குசினிப் பக்கம் பார்த்தார். மூடினார்.

“கும்பிட்டுக் கேக்கிறன், என்னைக் கேக்காதையும். மறந்தது மறந்ததுதான்.”

தேங்காய் துருவும் சத்தம் முழுதாக நின்றது. குணலட்சுமி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். தட்டத்தில் இருந்த வாழைப்பழச் சீப்பைத் தூக்கிச் சுபாஸின் கையிலேயே திருப்பி வைத்தார்.

“உதைக் கொண்டுபோய் மனிசியிட்டைக் குடும், தம்பி. கொடியையும் கெதியிலை மீட்டுப்போடும்.”

“எப்பிடியம்மா மீக்கிறது? ஐயாவுக்குத்தான் மறந்துபோச்சாமே!”

கணவரின் பக்கம் திரும்பாமலே குணலட்சுமி சொன்னார்:

“ஜெயகௌரி எண்டு அடியும். முதலெழுத்து பெரிசு.”